அரூப வீடியோ அறைக்குள் ஆறு நிமிடம்தான் நிற்க முடிந்தது. இதை எப்படிப் பார்ப்பது?

கணக்கு டீச்சர்:

வணக்கம். முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஓவியம், சிற்பம் என்றால் மரியாதை உண்டு, பழக்கம் இல்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை என் மகள் என்னை ஒரு கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரே ஒரு படைப்புக்காக அங்கே ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு, இரண்டு தடவை வளையும் இருட்டு வழியில் நடந்து உள்ளே போக வேண்டும். மூன்று வகுப்பறைகளைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். நான்கு சுவரிலும் தரையிலும் வீடியோ ஓடுகிறது. ஆள் இல்லை, மரம் இல்லை, கதை இல்லை. சாம்பல் நிறத்தில் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். அவை மெல்லக் கூடி ஒரு துணி போல மடிகின்றன, பிரிகின்றன, அப்புறம் கருநீலமாகி ஒரே பக்கமாக ஓடத் தொடங்குகின்றன. கூடவே அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு முழக்கம். காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் தெரிந்தது.

தரையும் ஓடத் தொடங்கியதும் கால் நழுவுவது போல் ஆகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலை சுற்றியது, வாந்தி வருவது போல இருந்தது. மகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சட்டென்று கண் கலங்குகிற பெண் இல்லை அவள். "கடைசியில் அந்த வெள்ளை வந்ததும்மா... நீயும் இருந்திருக்கணும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே அறைக்குள் நானும் போனேன், அவள் பார்த்ததைப் பார்க்காமல் வந்துவிட்டேன். இந்த ஒரு வாரமாக அதுதான் உறுத்துகிறது.

ஒரு கணக்கைப் போடும் முன் "கொடுக்கப்பட்டவை" என்று தலைப்பிட்டுத் தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்வேன் பிள்ளைகளிடம். அதை எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. அந்த அறையில் எனக்குக் கொடுக்கப்பட்டது எது, நான் கண்டுபிடிக்க வேண்டியது எது என்றே தெரியவில்லை. எனக்கு ஏன் தலை சுற்றியது? அதில் புரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா, அல்லது சும்மா இருந்துவிட்டு வந்தால் போதுமா? கண்காட்சி இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மகளோடு மறுபடியும் போக ஆசை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

மழைக்கால வாசகி:

டீச்சர், கலையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிச்சத்தால் தூண்டப்படும் வலிப்பு எனக்குப் பதினைந்து வயதிலிருந்து உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது வேறு, என்னுடையது வேறு. இருந்தாலும் மறுபடி போகும் முன் வாசலில் நிற்கும் ஊழியரிடம், உள்ளே வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும் இடம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் வெளிச்சம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. அழுத்தமான சிவப்பு என்றால் இன்னும் மோசம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி வந்தது. அந்தச் சில நொடிகளால் சுமார் 685 பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கலைஞர்களுக்கு இந்த ஆபத்து அதற்கு முன்பே தெரியும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னுவதை மட்டுமே வைத்து டோனி கான்ராட் 1966இல் எடுத்த 'தி ஃப்ளிக்கர்' படம் எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது.

மின்னத் தொடங்கிவிட்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு, சுவருக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு கண்ணையும் இறுக மூடினால் போதும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போதாது, இமை வழியாகவே வெளிச்சம் இறங்கும். ஒரு கண்காட்சியில் எச்சரிக்கைப் பலகையைத் திரைக்கு உள்பக்கம் இருட்டில் மாட்டியிருந்தார்கள். அதைப் படிக்கும் முன்பே நான் கீழே விழுந்துவிட்டேன். அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேபிள்காரன்:

டீச்சரம்மா, நான் கலைஞன் இல்லை. இப்படிப்பட்ட அறைகளில் புரொஜெக்டர் மாட்டுகிறவன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், அந்தக் "கொடுக்கப்பட்டவை" மனதில் நின்றுவிட்டது. பெரிய பதிலாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைசுற்றல். நிற்கிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். பக்கத்து ரயில் நகரும். நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று உடம்பு நம்பிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். வெக்‌ஷன் என்பார்கள், இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். கண்ணின் ஓரம் வரைக்கும் எல்லாம் ஒரே பக்கமாக ஓடினால், நாம்தான் நகர்கிறோம் என்று மூளை முடிவு செய்துவிடும். உள்காதோ நாம் நின்ற இடத்திலேயே இருப்பதாகச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல். வீட்டில் டிவி பார்க்கும்போது இது வராது, ஏனென்றால் டிவியைச் சுற்றி அசையாத சுவர் இருக்கிறது. அந்த அறையில் அசையாத இடம் என்று ஒன்றை உங்களுக்கு விட்டுவைக்கவில்லை.

அதனால் நீங்களே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் நடுவில் நிற்காதீர்கள். ஓரமாகத் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார முடியாது என்றால் ஊழியரிடம் ஸ்டூல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு உள்ளங்கை தரையில் இருக்கட்டும். சுவரும் கூரையும் சேரும் கோட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள், அது எங்கேயும் போகாது. தரையை மட்டும் முதல் பத்து நிமிடம் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த ஆறு நிமிடம். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நீங்கள் நடந்து வந்த வளைந்த வழி வெளி வெளிச்சம் உள்ளே வராமல் தடுப்பதற்கு மட்டும் இல்லை, கண்ணுக்கு ஒரு முன்தயாரிப்பும்கூட. சாம்பல் புள்ளிகளை மட்டும் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இன்னும் மங்கலாக வேறு ஏதாவது ஓடியிருக்கலாம். அதைப் பார்க்கிற கண் அப்போது உங்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

இனி கொடுக்கப்பட்டவை. என் கணக்கில் முதலாவது இருட்டு. ஒரு சுவருக்கு நாங்கள் இரண்டு மூன்று புரொஜெக்டர் வைப்போம். படங்கள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பட்டையில் வெளிச்சம் இரண்டு மடங்காகிவிடும் என்பதால் இரண்டு பக்கத்தையும் மெல்ல மங்கவைத்து ஒட்டுத் தெரியாமல் செய்வோம். எட்ஜ் பிளெண்டிங் என்று பெயர். நிறம் ஓடும்போது இது சுலபம். படம் கறுப்பாகும்போதுதான் உயிர் போகும். புரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது, வெளிச்சத்தைக் குறைக்கத்தான் முடியும். எவ்வளவு குறைத்தாலும் லென்ஸ் வழியாகக் கொஞ்சம் சாம்பல் கசிந்துகொண்டே இருக்கும், படம் சேரும் பட்டையில் அந்தக் கசிவு இரட்டிப்பாக நிற்கும். அதை மறைக்க மற்ற இடத்துக் கறுப்பையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். எத்தனையோ ராத்திரி இந்தக் கறுப்புக்காகவே விடிய விடிய வேலை செய்திருக்கிறோம்.

ஒரு கலைஞர் எல்லா மெஷினையும் அணைக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். கடைசியில், வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு கூரையில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று கையால் காட்டினார். அந்த விளக்கை மூடக் கூடாது, பாதுகாப்பு விதி. மறுநாள் தன் படைப்பின் மிக இருண்ட பகுதியில் மிக மெல்லிய பச்சை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த விளக்கு துருத்தவே இல்லை, படத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. இந்த மனிதர்கள் சுவருக்குப் படம் செய்வதில்லை, மொத்த அறையையும்தான் செய்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நெஞ்சில் தெரிந்த முழக்கமும் அப்படித்தான். முப்பது நாற்பது ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் ஒலி, சத்தமாக வைத்தால் காதில் கேட்பதோடு உடம்பிலும் அதிரும். அதற்கென்று ஸ்பீக்கர் எங்கே நிற்க வேண்டும், கம்பளம் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று தனியாகவே பேசி முடிவு செய்வோம்.

இரண்டாவது கொடுக்கப்பட்டது நேரம். நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு முப்பது நிமிடத்தால்தான். ஆந்தனி மெக்கால் 1973இல் செய்த 'லைன் டிஸ்கிரைபிங் எ கோன்' என்ற படைப்பு. இருட்டறை, ஒரு புரொஜெக்டர். சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அது மெல்ல வளைந்து கோடாகி, முப்பது நிமிடத்தில் முழு வட்டம் ஆகும். அவ்வளவுதான் படம். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் கழித்து ஒரு சின்னப் பையன் புரொஜெக்டர் பக்கம் திரும்பி, காற்றில் கையை நீட்டினான். அவன் கையில் வெளிச்சத்தின் விளிம்பு வெட்டியது. அப்போதுதான் எல்லோரும் திரும்பினோம். லென்ஸிலிருந்து சுவர் வரைக்கும் காற்றில் ஒரு கூம்பு பாதி உருவாகி நின்றுகொண்டிருந்தது. 1970களில் திரையிட்ட இடங்களில் தூசியும் சிகரெட் புகையும் இருந்ததால் கூம்பு தானாகத் தெரிந்தது. சுத்தமான அருங்காட்சியக அறைக்கு வந்ததும் அது மறைந்துபோய், பின்னாளில் பனிமூட்ட மெஷின் வைத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீங்கள் கணக்கு டீச்சர், அந்தக் கூம்புக்குள் நடந்தால் எங்களைவிட உங்களுக்கு அதிகம் பிடிக்கும்.

இது ஏதோ புதிய தலைமுறை விஷயம், நமக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். வால்டர் ருட்மன் வெறும் வண்ண வடிவங்களை ஓடவிட்டு எடுத்த 'ஓபஸ் 1' வெளிவந்தது 1921இல். ஆஸ்கார் ஃபிஷிங்கர் 1926இலேயே பல புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டி அரூபப் படக் காட்சிகள் நடத்தினார். தாமஸ் வில்ஃப்ரெட் வெளிச்சத்தை மட்டும் வைத்து 'லூமியா' என்று ஒரு கலையே உருவாக்கினார், சத்தம் இல்லாமல். 1965-66இல் அவர் செய்த ஓபஸ் 161 முழுதாக ஒரு சுற்று வர 1 வருடம் 315 நாள் 12 மணி நேரம் ஆகும். அதை யார் முழுக்கப் பார்த்திருப்பார்கள்? உங்கள் அறையில் ஓடுவது அரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடியும் என்று நினைக்கிறேன், ஊழியருக்குத் தெரியும், கேளுங்கள். ஒரு சுற்று முழுக்க இருங்கள். பாதியில் முடியவில்லை என்றால் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி போங்கள், அதில் தப்பே இல்லை.

என்ன அர்த்தம் என்று தேட வேண்டாம். எப்போது மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். நிறம் மாறும்போது உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் திரும்புகிறார். சுவரை மட்டும் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள்.

கோட்டோவியன்:

நான் ஓவியன். கேபிள்காரரின் உழைப்பின் மீது மரியாதை உண்டு, ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டீச்சருக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் குறை டீச்சருடையது இல்லை.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் செய்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன் ஒருவர் நிற்கும் சராசரி நேரம் 27 வினாடிதான். ஓவியம் தன் இடத்தில் அமைதியாகத் தொங்குகிறது, நாமாகத்தான் அதனிடம் போக வேண்டும். இந்த அறைகளோ இருட்டைப் போட்டு, மெத்தை போட்டு, நெஞ்சை அதிரவைத்து நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் 2022 நவம்பரில் கணினிக் கலைஞர் ரெஃபிக் அனடோலின் 'அன்சூப்பர்வைஸ்டு' என்ற படைப்பு வந்ததே, 24 அடி உயரம், 24 அடி அகலம். அந்த அருங்காட்சியகத்தின் கலைப்பொருட்களைப் பற்றிய 1,38,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, அது ஓயாமல் புதிய வடிவங்களைக் கொட்டிக்கொண்டே இருந்தது. அதன் வீடியோவைப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று யாராவது தீர்மானித்தார்களா? ஒரு கோட்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் என் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அளவைக் கண்டு மலைத்துப்போவதும் கலையை அனுபவிப்பதும் ஒன்றல்ல என்றே நம்புகிறேன்.

கேபிள்காரன்:

ஓவியரே, கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பெரிய சுவர், பெரிய சத்தம், உள்ளே ஒன்றும் இல்லை என்கிற வேலைகளையும் மாட்டியிருக்கிறேன். கழற்றும் நாளில் அது தெரியும், யாரும் வந்து கடைசியாக ஒரு தடவை நிற்க மாட்டார்கள்.

ஆனால் நம்மைச் சுற்றி வளைக்கும் ஆசை ஓவியர்களுக்கும் இருந்திருக்கிறது. பாரிஸில் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மோனே வரைந்த அல்லிக்குளங்களைப் பாருங்கள். இரண்டு நீள்வட்ட அறை, இரண்டு மீட்டர் உயரத்தில் எட்டு ஓவியங்கள், மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். 1927இல் திறந்தார்கள், மோனே அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்துவிட்டார். அங்கே கரையும் இல்லை, அடிவானமும் இல்லை. அவரும் சுவருக்கு வரையவில்லை, அறைக்குத்தான் வரைந்தார். எங்கே நிறுத்துவது என்பது எங்கள் ஆட்களுக்கும் உண்டு. டீச்சரம்மாவின் மகள் சொன்ன அந்த வெள்ளை, யாரோ ஒருவர் பல நாள் யோசித்து நிறுத்திய இடமாகத்தான் இருக்கும்.

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம்.

வாசலில் முதலில் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னுமா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஒரு சுற்று 26 நிமிடம். ஸ்டூல் கொடுத்தார்கள். முதுகு சுவரில், கை மகளின் கையில். தரை ஓடத் தொடங்கியபோது கூரைக் கோட்டைப் பார்த்தேன், குமட்டல் வந்தது, பெரிதாகவில்லை. பதினைந்து நிமிடம் போல ஆன பிறகு, புள்ளிகளுக்குப் பின்னால் வேறொரு அடுக்கு எதிர்த் திசையில் மிக மெதுவாக நகர்வது தெரிந்தது. போன தடவை அது எனக்கு இல்லவே இல்லை. மூலையில் ஒட்டுப் போட்ட பட்டையைக்கூடக் கண்டுபிடித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் கேபிள்காரரே.

கடைசியில் எல்லாம் ஆரஞ்சு நிறமானது. நான்கைந்து நிமிடம் அந்த ஆரஞ்சு மட்டும்தான், அசைவே இல்லை. முழக்கமும் நின்றுவிட்டது. அப்புறம் ஒரே கணத்தில் அறை முழுக்க வெள்ளை. எதிர்ச் சுவரில் ஏதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஆனால் அறை தெரிந்தது. அதுவரை இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஒரு பெண் வயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இந்த வெள்ளை வந்தபோது அவள் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். அந்த வெள்ளை எனக்கு முதலில் வெள்ளையாகத் தெரியவில்லை. லேசான நீலம், எல்லோர் முகத்திலும். மெல்ல மெல்லத்தான் வெளுத்தது. அது வீடியோவில் வைத்ததா, புரொஜெக்டர் செய்வதா?

கேபிள்காரன்:

ஒட்டைக் கண்டுபிடித்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் டீச்சரம்மா, எந்த மூலை என்று சொன்னால் அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

நீலம் பெரும்பாலும் வீடியோவில் இருக்காது. ஐந்து நிமிடம் ஆரஞ்சையே பார்த்தால் கண்ணுக்கு அந்த நிறத்தின் மீது உணர்வு மங்கிவிடும். உடனே வெள்ளை வந்தால் அதில் மிச்சமிருக்கும் நீலப் பக்கம் தூக்கித் தெரியும். கண் பழையபடி சமநிலைக்கு வர வர அது வெளுக்கும். சோதித்துப் பார்க்கலாம். ஆரஞ்சு வந்ததும் ஒரு கண்ணை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொள்ளுங்கள், வெளிச்சம் துளியும் புகக் கூடாது. வெள்ளை வந்ததும் கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பொத்தியிருந்த கண்ணுக்கு வெள்ளை, மற்றதற்கு நீலம் என்று வந்தால் அந்த நீலம் உங்களுடையது.

கணக்கு டீச்சர்:

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை போகிறோம். நான் வலது கண்ணைப் பொத்துகிறேன், அவள் இடது கண்ணைப் பொத்துவதாகச் சொல்லியிருக்கிறாள்.